டிபிகே1 பற்றி செல்வத்துக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் நோயெதிர்ப்பியல் படிக்கச் சேர்ந்துவிட்டாள் என்றதும் அவ்வளவு சந்தோஷம். நான் என்ன வாசிக்கிறேன் என்று கேட்டிருந்தாய். கொஞ்ச காலமாகவே டிபிகே1 என்கிற கைனேஸ்தான் (பிற புரதங்கள் மேல் பாஸ்பேட் ஏற்றும் நொதி), வேறெதிலும் மனம் போகவில்லை.

செல்லுக்குள் வைரஸின் ஆர்என்ஏ நுழைந்தால் ரிக்-ஐ என்கிற உணரிப் புரதம் கண்டுபிடித்து மைட்டோகாண்ட்ரியா மேலிருக்கும் மேவ்ஸ் என்ற புரதத்துக்குச் சேதி சொல்லும், டிஎன்ஏ என்றால் சிகாஸ் என்ற இன்னொரு உணரி ஒரு சின்ன மூலக்கூறைச் செய்து ஸ்டிங் என்ற புரதத்தை எழுப்பும். இரண்டு வழியும் வந்து சேருமிடம் டிபிகே1. ஸ்டிங் பக்கம் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அசந்துபோவாய்: ஸ்டிங் கால்ஜி என்ற செல் உறுப்புக்கு நகர்கிறது, அதன் வால் டிபிகே1ஐப் பிடித்துக்கொள்கிறது, நெருக்கியடித்து நிற்கும் கைனேஸ்கள் ஒன்றின் 172ஆம் இடத்திலுள்ள செரீன் என்ற அமினோ அமிலத்தில் இன்னொன்று பாஸ்பேட் ஏற்றிவிடுகின்றன, அப்புறம் ஸ்டிங்கின் 366ஆம் செரீனிலும் ஒன்று ஏறுகிறது, அந்த இடத்தில்தான் மரபணுக்களை இயக்கும் ஐஆர்எஃப்3 என்ற புரதம் வந்து ஒட்டும். அதற்கும் பாஸ்பேட் ஏறியதும் இரண்டிரண்டாகச் சேர்ந்து உட்கருவுக்குள் போய் வைரஸை எதிர்க்கச் சொல்லும் இன்டர்ஃபெரான் புரதத்தின் மரபணுவை இயக்கும். டிபிகே1 வேறு பல சமிக்ஞைகளாலும் விழித்துக்கொள்ளும், ஆனால் ஸ்டிங்கோ மேவ்ஸோ அவற்றைப் போன்ற வேறொரு புரதமோ ஐஆர்எஃப்3ஐ அருகில் கொண்டுவந்து நிறுத்தாவிட்டால் இன்டர்ஃபெரான் வராது. வீண் கலவரம் இல்லாமல் செல் தப்பிப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

மனிதர்களிடம் பார்த்ததுதான் என்னை உலுக்கியது. 2012இல், டிபிகே1 மரபணுவின் ஒரு பிரதி பழுதான குழந்தைகளுக்கு ஹெர்பிஸ் வைரஸால் மூளையழற்சி வந்ததை எழுதினார்கள். (2015இல் ஏஎல்எஸ் நரம்பு நோயிலும் இதே மரபணு சிக்கியது, அது தனிக் கதை.) சரி, டிபிகே1 அறவே இல்லாதவர்களை வைரஸ்கள் சும்மா விடாது என்றுதானே நினைப்போம்? 2021இல் அப்படி நான்கு பேரைப் பற்றிய ஆய்வு வந்தது. கடுமையான வைரஸ் தொற்று அவர்களிடம் இல்லை, மாறாக உடம்பெங்கும் ஓயாத அழற்சி. காரணம், ரிப்கே1 என்ற இன்னொரு கைனேஸைக் கட்டிவைத்திருப்பதும் டிபிகே1தான், அந்தப் பிடி போனதும் டிஎன்எஃப் என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதம் தொட்ட செல்கள் செத்து அழற்சியைக் கிளப்புகின்றன. டிஎன்எஃபைத் தடுக்கும் மருந்து பலன் தந்தது.

டிபிகே1ஐ வெறும் வைரஸ் எதிர்ப்புக் கைனேஸ் என்று பாடப் புத்தகங்கள் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. டிபிகே1ஐ அடக்க மருந்து தேடுகிறவர்கள் அந்த நான்கு பேரை முதலில் படிக்க வேண்டும். உன் மகளையும் அதைப் படிக்கச் சொல், என்ன நினைக்கிறாள் என்று அவளே எனக்கு எழுதட்டும்.

அன்புடன்,
கதிர்