என்ன செய்கிறது என்று சொல்

தாராவி, மும்பை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம். மழை தொடங்கிவிட்டது. 'ரயில் தாமதம், பயணிகள் அவதி' என்று தமிழ்ப் பத்திரிகையும் தன் வருடாந்தரத் தலைப்பைப் போட்டுவிட்டது. பக்கத்து வீட்டு மராட்டிப் பத்திரிகையில் அதே செய்திக்கு 'பிரவாஷாஞ்சே ஹால்', அதாவது பயணிகளின் அவதி. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டி மித்தி ஆறு பொங்கியபோதும் அதே அவதிதான், அதே ஹால்தான். கழுத்தளவு தண்ணீரில் நடந்து வந்தவனுக்கும், பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் நின்றவனுக்கும் இவர்களிடம் ஒரே சொல்தான் இருக்கிறது.

நீயும் அப்படித்தான். போன வாரம் "கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். உன் அப்பாவுக்குக் கஷ்டம் என்றால் பணக்கஷ்டம். திருநெல்வேலியிலிருந்து இங்கே தோல் பதனிடும் வேலைக்கு வந்தவரின் பிள்ளை அல்லவா? அந்த வீட்டில் "இந்த மாதம் கஷ்டம்" என்றால் மளிகைக் கடையில் தவணை சொல்ல வேண்டும் என்று அர்த்தம். மறுநாள் காலையிலேயே பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்குக் கிளம்பிவிட்டார். நான்தான் பிடித்து உட்கார வைத்தேன். சித்தியோ, "மருமகளோடு மனக்கஷ்டமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்.

நம் சந்து ஆச்சிகளுக்குத் துணையாகச் சயான் ஆஸ்பத்திரிக்கு நான் போய்வருவது உனக்குத் தெரியும். டாக்டர் சின்னப் பெண். "க்யா தக்லீஃப் ஹை?" என்றாள். ஊரில் என்றால் "என்ன செய்கிறது?" என்று கேட்பார்கள். உடம்பு நமக்குத் தெரியாமல் ஏதோ வேலை பார்க்கிற மாதிரி! ஆச்சி தொடங்கினாள். முட்டியில் குடைச்சல், கெண்டைக்காலில் கடுப்பு, விலாவில் குத்தல், ராத்திரியானால் உளைச்சல். குடைச்சல் எலும்புக்குள் இருப்பது, மேகம் மூடினால் எழுந்துகொள்ளும். கடுப்பு குழாயடியில் நின்று நின்று வருவது. உளைச்சல் இருக்கிறதே, அது காலை எங்கே வைத்தாலும் பொறுக்காது, விடிய விடியப் புரட்டும். இத்தனைக்கும் நான் இந்தியில் சொன்னது ஒன்றே ஒன்று: "துக்தா ஹை." வலிக்கிறது, அவ்வளவுதான். ஆச்சிக்கு இந்தி தெரியாது. ஆனால் தான் அவ்வளவு நேரம் சொன்னதை நான் ஒரு மூச்சில் முடித்துவிட்டேன் என்பது தெரிந்துவிட்டது. "எல்லாவற்றையும் சொன்னாயா?" என்று முழங்கையால் இடித்தாள். பிறகு அவள் முட்டியில் என் விரலை வைத்துத் திருகிக் காட்டினேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து வந்து அந்த முட்டியை மடக்கிப் பார்த்தாள்.

இந்த 'துக்தா ஹை'யால்தான் சின்ன வயதில் நீ ஊரையே கலக்கினாய். விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்து "துக்கமாக இருக்கிறது" என்று அழுதாய். நம் பக்கம் துக்கம் என்றால் சாவு வீடு. பம்பாயிலிருந்து என்ன தந்தி வந்ததோ என்று உன் அப்பாவைப் பெற்றவள் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நீ 'இடுக்கண் அழியாமை' அதிகாரத்தை அப்படியே ஒப்பித்தவன். 623ஆம் குறளில் துன்பத்துக்கு 'இடும்பை' என்ற சொல் நான்கு முறை வரும், மூச்சு விடாமல் சொல்வாய். (இடும்பை என்று சொல்லி மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்க முடியாது, அது வேறு விஷயம்.) அத்தனை சொல் படித்த பிள்ளை, பெற்றவளிடம் கஷ்டம் என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால் நான் எதைப் பிடித்துக்கொள்வது?

பணமா? வேலை ஆட்டம் காண்கிறதா? வீட்டில் முகம் கொடுத்துப் பேச்சு இல்லையா? முதுகா? முதுகு என்றால் கடுப்பா, குடைச்சலா? கடுப்பென்றால் தைலம் அனுப்புகிறேன். குடைச்சலென்றால் தைலத்தை நம்பாமல் டாக்டரைப் பார். மனசுதான் என்னவோ செய்கிறது என்றால் அதை அப்படியே சொல், பேர் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா பத்து மணிக்குத் தூங்கிவிடுவார். அதற்குப் பிறகு கூப்பிடு.

உன் அம்மா