அரையாண்டு விடைத்தாள்கள்: 10-ஆம் வகுப்புப் பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். மழை விடுமுறைகளுக்கு நடுவிலும் அரையாண்டு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு, கலைத்திருவிழா, அறிவியல் கண்காட்சி என எல்லாவற்றிலும் பிள்ளைகள் பங்கேற்றார்கள், பரிசுகளும் வாங்கினார்கள். கிறிஸ்துமஸ் விழாவும் சிறப்பாக நடந்தது. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

விடைத்தாள்களைக் கொடுத்த நாளிலிருந்து, "எல்லாம் எழுதியிருக்கிறான், மார்க் எங்கே போச்சு?" என்று கேட்டுப் பலர் வருகிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் பெரும்பாலும் அந்த விடைத்தாளிலேயே கிடக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கணிதத்தில் 2 மதிப்பெண் பகுதியில் 14 வினாக்களில் 10 எழுத வேண்டும், 28-ஆவது கட்டாயம். 5 மதிப்பெண்ணிலும் அதே கணக்கு, 42-ஆவது கட்டாயம். இவ்விரண்டையும் விட்டுவிட்டு மற்ற பதின்மூன்றையும் எழுதித் தள்ளினாலும் ஒவ்வொரு பகுதியிலும் 9 வினாக்கள்தான் கணக்கில் சேரும். 7 மார்க் போய்விடும். கூடுதலாக எழுதிய வினாக்களுக்குச் செலவான நேரமும் வீண். தேர்வு தொடங்குமுன் வினாத்தாளைப் படிக்க 10 நிமிடம் தருவது, கட்டாய வினாவையும் எழுதப்போகும் வினாக்களையும் முடிவு செய்துகொள்ளத்தான்.

ஒரு மதிப்பெண் வினாவுக்குக் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லி வினாத்தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. 'ஆ' என்று போட்டு, பக்கத்தில் 'இ'-க்கு உரிய விடையை எழுதினால் மார்க் கிடையாது. வினா எண்ணை மாற்றிப் போடுவதும் இதே வகைதான்.

அடுத்தது படம். முட்டம் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து ஒரு படகை 30° இறக்கக் கோணத்தில் பார்ப்பதாக ஒரு கணக்கு என்று வையுங்கள். அந்த 30°-ஐ உச்சியில் வரையும் கிடைக்கோட்டிலிருந்து குறிக்க வேண்டும். கோபுரச் சுவரை ஒட்டிக் குறித்தால் படகின் இடத்தில் 30°-க்குப் பதில் 60° வந்துவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு அழகாகப் போட்டாலும் விடை தப்புதான். செய்முறை வடிவியலில் உதவிப்படத்தையும், வரைபடத்தில் அளவுத்திட்டத்தையும் பாதிப் பேர் விட்டிருக்கிறார்கள். இவ்விரண்டு வினாக்களுக்கு மட்டும் 16 மார்க்.

இறுதி விடை தவறினாலும் சரியான படிகளுக்கு மார்க் உண்டு. சந்தேகம் வந்ததும் முழுக் கணக்கையும் அடித்துவிடுகிற பழக்கத்தை வீட்டிலும் கண்டியுங்கள். அறிவியலில் சூத்திரம், பிரதியிடல், விடை, அலகு என்ற வரிசை மாறக்கூடாது. 5 கிலோகிராம் நிறைக்கு 2 மீ/வி² முடுக்கம் என்றால் விசை 10 நியூட்டன். வெறும் 10 என்று எழுதி நிறுத்தினால் விடை முழுமையாகாது.

நேரம் போதவில்லை என்கிறவர்களின் தாளைப் பாருங்கள், 2 மதிப்பெண் விடை ஒரு பக்கம் ஓடியிருக்கும். கணிதத்தில் 100 மார்க்குக்கு 180 நிமிடம். ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 15, இரண்டுக்கு 40, ஐந்துக்கு 85, எட்டுக்கு 30 நிமிடம் என்று வைத்தால் சரிபார்க்க 10 நிமிடம் மிஞ்சும். பல நிறப் பேனாவில் அடிக்கோடிட்டு அலங்கரிப்பதும் வேண்டாம். எழுதவும் கோடிடவும் நீலம் அல்லது கறுப்பு மட்டுமே, படத்துக்குப் பென்சில்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டலில் பிழையோ திருத்தாமல் விட்ட விடையோ இருந்தால் உடனே சரிசெய்வோம். அதற்கு மேல், டியூஷனில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதற்காகவோ, பக்கத்துப் பையனுக்கு அதிகம் என்பதற்காகவோ அரை மார்க்கும் கூட்டப்படாது. வகுப்பு நடக்கும்போது வராந்தாவில் நின்று ஆசிரியரை அழைப்பதை இனி அனுமதிக்க முடியாது. மாலை 4.15-க்குப் பிறகு வாருங்கள். ரப்பர் பால்வெட்டுக்கோ கடலுக்கோ போகிறவர்களுக்கு அந்த நேரம் ஒத்துவராது என்றால் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், வேறு நேரம் ஒதுக்கித் தருகிறோம்.

உங்கள் ஆதங்கம் பிள்ளைகள் மேலுள்ள அக்கறையால் வருவது என்பது எங்களுக்குத் தெரியும். விடைத்தாளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பாமல், நேரில் வந்து கேட்கிறீர்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். எந்த வினாவில் எத்தனை மார்க், எதனால் போனது என்று பிள்ளையின் கையாலேயே ஒரு தாளில் எழுத வைத்து, உங்கள் கையெழுத்துடன் திங்கட்கிழமை வகுப்பாசிரியரிடம் சேர்ப்பியுங்கள். முதல் திருப்புதல் தேர்வுக்கு முன் அந்தத் தாளை வைத்துத்தான் ஒவ்வொருவருக்கும் பயிற்சி.

அன்புடன்,
தலைமையாசிரியர்