சிறுவர் வார்டுகளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

சிறுவர் வார்டுகளில் நோயோடு தனிமையையும் சேர்த்துச் சுமக்கும் பிள்ளைகள் உண்டு. சிறுவர் இல்லத்திலிருந்து வந்தவர்கள், வளர்ப்புக் குடும்பத்தில் இருப்பவர்கள், அம்மாவுக்கு இரவு வேலை என்பதால் படுக்கையருகே ஆளில்லாதவர்கள். அவர்களுக்காக நீங்கள் செய்த உதவிக்கு நன்றி சொல்ல இம்மடல். எது பயன்பட்டது, ஏன் பயன்பட்டது என்பதையும் விவரமாக எழுதுகிறோம். அடுத்து உதவ நினைப்போருக்கு அது கைகொடுக்கும்.

முதலில் லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலைய மாடியில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து சட்டை தைத்துக் கொடுத்த அக்காமார்கள். கையில் சொட்டு மருந்துக் குழாய் ஏற்றிய பிள்ளைக்குச் சட்டை மாற்றுவது பெரும்பாடு. மருந்துப் பையைக் கம்பத்திலிருந்து இறக்கி, குழாயோடு சட்டைக் கைக்குள் நுழைத்து எடுக்க வேண்டும். குழாய் மருந்து செலுத்தும் பம்பில் மாட்டியிருந்தால், தாதி வந்து கழற்றும்வரை பிள்ளை வியர்த்த சட்டையோடு கிடக்கும். நீங்கள் தைத்த சட்டையில் தோளிலிருந்து கை நுனிவரை அழுத்துப் பொத்தான்கள். விரித்துப் போட்டு மூடினால் வேலை முடிந்தது. மார்பில் குழாய் வைத்த பிள்ளைகளுக்காக முன்பக்கமும் முழுதாகத் திறக்கிறது. உலோகப் பொத்தான் எக்ஸ்ரே படத்தில் விழும், எம்ஆர்ஐ அறைக்குள் போகவே கூடாது என்று சொன்னதும், பிளாஸ்டிக் பொத்தான்களைத் தேடி வாங்கிப் பழையதைப் பிரித்து மறுபடி தைத்தீர்கள். அந்தப் பொறுமைக்குத் தனி நன்றி.

விளையாட்டுச் சாமான் அனுப்பிய குடும்பங்களே, வாங்குமுன் எங்களைக் கேட்டீர்கள். அதுவே பெரிய உதவி. வார்டில் ஒரு பொம்மை கைமாறும்போதெல்லாம் அதைத் துடைக்க வேண்டும். துணிப் பொம்மையைத் துடைத்துக் கிருமி நீக்க முடியாது. புதிதாக, உறையோடு வந்தால் ஒரே பிள்ளைக்குக் கொடுத்து, வீட்டுக்கே எடுத்துப் போகச் சொல்கிறோம். பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். பொத்தான் போன்ற சிறு வட்டப் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு, கழிவறைத் தாள் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் அளவு சிறிய எதுவும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். ரப்பர் பலூனும் வேண்டாம்: சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமை, வெடித்த துண்டு தொண்டையை அடைக்கும்.

துடைக்கும் பணியை ஏற்ற உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். கிருமிநாசினித் தாளால் துடைத்தவுடன் உலர்த்திவிட்டால் பயனில்லை. உறையில் குறிப்பிட்ட நிமிடங்கள் முழுதும் மேற்பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும். கை, கால், வாய்ப்புண் நோய்க் கிருமியை ஆல்கஹால் கைச்சுத்திகரிப்பான் சரியாகக் கொல்லாது என்பதால், அந்த நேரங்களில் சோப்பும் தண்ணீருமாகக் கழுவினார்கள். லேசான சளி என்றாலும் வராமல் வீட்டில் இருந்தவர்களுக்கும் நன்றி. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சளி ஆபத்து.

ஊசி நேரத்தில் கூட இருந்த பாட்டிமார்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஊசி குத்தும் இடத்தை மரத்துப்போகச் செய்யும் களிம்பு வேலை செய்ய ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். தடவியதன் மேல் ஒளிபுகும் ஒட்டுத்தாள் இருக்க வேண்டும். அவசரப்பட்டு இருபது நிமிடத்தில் எடுத்தால் பிள்ளைக்கு வலிக்கும், அடுத்த முறை களிம்பையே நம்பாது. நேரத்தைக் குறித்து வைத்து, மணி ஆகும் முன்னே தாதியரிடம் நினைவூட்டியது நீங்கள்தான். ஒட்டுத்தாளை மேல்நோக்கிப் பிய்க்காமல் தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் இழுத்தால் வலி குறைவு என்பதையும் கற்றுக்கொண்டீர்கள்.

எல்லாவற்றையும்விட, “வலிக்காது கண்ணு” என்று சொல்வதை நிறுத்தினீர்கள். பாசத்தில் வரும் பேச்சுதான். ஆனால் வலித்ததும் அந்தப் பிள்ளை உங்களை மட்டுமல்ல, அன்று வரும் அத்தனை பேரையும் நம்ப மறுக்கும். “கொஞ்சம் வலிக்கும். நான் பக்கத்துலயே இருப்பேன். அழணும்னா அழலாம், கையை மட்டும் ஆட்டாம வச்சுக்கோ” என்றீர்கள். சொல்ல வேண்டிய நேரமும் முக்கியம். நான்கு வயதுப் பிள்ளைக்கு அன்றே சொன்னால் போதும்; ஒன்பது பத்து வயதுப் பிள்ளைக்குச் சில நாள் முன்பே தெரிய வேண்டும், கேள்வி கேட்க அவகாசம் வேண்டும். படுக்கவைத்து அமுக்கிப் பிடிப்பதைவிட, மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து அணைத்துக்கொண்டால் பிள்ளை குறைவாகத் திமிறும்.

உணவு அனுப்பிய கடைக்காரர்கள், கூட இருப்பவர்களுக்குப் பொட்டலம் கட்டித் தந்தீர்கள். பிள்ளைக்கு வார்டில் சாப்பாடு வரும்; இரவெல்லாம் நாற்காலியில் கிடக்கும் அம்மாவுக்கு வராது. சைவம், ஹலால் என்று எழுதி ஒட்டியதும் உதவியாக இருந்தது. பிள்ளைக்கு நேரடியாக ஒரு பிஸ்கட்கூட நீட்டாததற்கும் நன்றி. அறுவை சிகிச்சைக்கு முன் திட உணவுக்கும் பால்மாவுக்கும் வழக்கமாக 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். வயிற்றில் உணவிருந்தால் மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம். ஒரு பிஸ்கட்டால் சிகிச்சை மறுநாளுக்குத் தள்ளிப்போகும்.

பதின்ம வயதினருடன் உட்கார்ந்த அண்ணன்மார், அக்காமார்களே, திரைச்சீலைக்கு வெளியே நின்று “உள்ளே வரலாமா?” என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றால் திரும்பிப் போனீர்கள். நாள் முழுதும் யார் யாரோ தொட்டுப் பார்க்கும் உடம்புக்கு அந்த மறுப்புரிமை மருந்து. தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு வந்தவர்களுக்கான அன்பளிப்புப் பையிலிருந்து கம்பிச் சுருள் குறிப்பேடு, பென்சில் சீவி, நாடா வைத்த பை, நீள சார்ஜர் கம்பி, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை. ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காமல், கேட்டதைத் தாதியரிடம் தெரிவித்தீர்கள். வீட்டுக்குப் போகும்போது 1767 என்ற எண்ணை அவர்கள் கைபேசியில் பதிந்து கொடுத்ததும் நல்லது. மன நெருக்கடியில் தவிப்போருக்கு எந்நேரமும் எடுக்கும் உதவி எண் அது.

கட்டணக் கவலையில் இருந்த குடும்பங்களை, வீடு திரும்பும் நாள்வரை காத்திராமல் அனுமதியான முதல் நாட்களிலேயே மருத்துவச் சமூக ஊழியரிடம் அழைத்துச் சென்றவர்களுக்கும் நன்றி. கட்டணம் கட்ட இயலாத குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 2013இல் தொடங்கிய அரசு உதவி நிதியான மெடிஃபண்ட் ஜூனியர் பற்றிப் பலருக்கு இன்னும் தெரியவில்லை.

படுக்கையருகே துணையிருந்தவர்களில் பெரும்பாலோர் வாரந்தோறும் அதே கிழமை, அதே நேரம் வந்தீர்கள். தூங்கும்போது நழுவிப் போகாமல், எழுப்பியாவது விடைபெற்றீர்கள். அடுத்து எப்போது வருவீர்கள் என்பதை நாட்காட்டியில் பிள்ளையே வட்டமிட்டது. வர முடியாத நாளில் முன்கூட்டியே சொல்லி அனுப்பினீர்கள். யாரும் படம் எடுக்கவில்லை.

சட்டைகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன. எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கான அளவுதான் இப்போது அதிகம் தேவை. பருத்தித் துணி, பிளாஸ்டிக் பொத்தான். தீபாவளி வாரத்தில் மாலை நேரத் துணைக்கு ஆள் குறையும் என்பதால், பண்டிகை கொண்டாடாத நண்பர்களிடமும் சொல்லிவையுங்கள்.

நன்றியுடன்,
சிறுவர் வார்டுத் தொண்டூழியர்கள்
சிங்கப்பூர்