துணித் தொட்டின்னு வாங்குனா உள்ள பிளாஸ்டிக் பூச்சு: புகாரும் ரீஃபண்ட் கோரிக்கையும்

கஸ்டமர் கேர் பிரிவுக்கு,

வணக்கம். உங்ககிட்ட வாங்குன கறுப்பு கலர் 40 லிட்டர் ஃபேப்ரிக் பாட்ல (செடி வளக்குற துணிப்பை) நட்ட தக்காளி மதியத்துல வாடுதுன்னு சாட்ல ஏற்கனவே சொல்லியாச்சு. அதுக்கு வந்த பதில் "தினமும் இன்னும் கொஞ்சம் கூட தண்ணி ஊத்தி பாருங்க". இந்த பதிலை எழுதுனவங்க அந்த பையை கையில எடுத்துகூட பாத்திருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன், அதான் இப்ப விலாவாரியா எழுதுறேன், நீளமாத்தான் இருக்கும், தயவுசெஞ்சு பையை தயாரிக்கிற ஆளுங்க கண்ணுல படுற மாதிரி அனுப்பி விடுங்க.

உங்க விற்பனைப் பக்கத்துல என்ன போட்டிருக்கீங்க? காத்து புகும் துணி, வெயில்லயும் வேர் குளுமையா இருக்கும், வேர் தொட்டிக்குள்ள சுத்தி சுத்தி வளராது. இந்த மூணுக்காகத்தான் பிளாஸ்டிக் தொட்டிய விட்டுட்டு துணிக்கு வந்தேன். ஆனா வந்த பையில மூணுமே இல்ல, காரணம் ஒண்ணே ஒண்ணுதான், துணியோட உள்பக்கம் மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் லேயர் ஒட்டியிருக்கீங்க. அதைப் பத்தி விளம்பரத்துலயும் இல்ல, பையில ஒட்டுன லேபிள்லயும் இல்ல.

சந்தேகம் எப்படி வந்துச்சுன்னா, எங்கிட்ட வேற இடத்துல வாங்குன பழைய துணிப்பைகளும் இருக்கு, அதுல தண்ணி ஊத்துன கொஞ்ச நேரத்துல வெளிப்பக்கம் ஈரம் கசிஞ்சு கலர் கருத்துரும், தொட்டா சில்லுன்னு இருக்கும், நாள்பட அந்த ஈரம் காஞ்ச இடத்துல எல்லாம் உரத்தோட உப்பு வெள்ளையா படிஞ்சு, கீழ்ப்பக்கம் லேசா பச்சைப் பாசி புடிச்சு பாக்கவே அசிங்கமா இருக்கும். உங்க பை மட்டும் பெட்டியில இருந்து இப்பதான் எடுத்த மாதிரி பளிச்சுன்னு நிக்குது! அழகுன்னு சந்தோஷப்பட முடியல, ஏன்னா வெளிய உப்பே படியலன்னா பக்கவாட்டுல தண்ணி ஆவியாகவே இல்லன்னு அர்த்தம்.

துணித்தொட்டி குளுமையா இருக்குறதுக்கு துணி மட்டும் காரணம் இல்ல, அதோட சுவர் வழியா தண்ணி ஆவியாகுறதுதான் காரணம், மண்பானை தண்ணி குளுந்து போற அதே கதை. 1 லிட்டர் தண்ணி ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கும், 40 லிட்டர் தண்ணிய கிட்டத்தட்ட 14 டிகிரி குளுத்துற அளவு வெப்பம் அது. காத்துல ஈரப்பதம் அதிகமா இருக்குற நாள்ல நல்ல துணிப்பைகூட அவ்வளவா குளுத்தாது, அதை நான் உங்க மேல போட மாட்டேன். ஆனா ஆவியாகுற வழியையே பிளாஸ்டிக் வச்சு அடைச்சுட்டு, போதாக்குறைக்கு வெயிலை அப்படியே உறிஞ்சுற கறுப்பு கலரும் குடுத்தா, சாதா கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?

சும்மா வாய்ல சொல்லக்கூடாதுன்னு மண்ணுக்குள்ள சொருகுற தெர்மாமீட்டர் வச்சும் பாத்தேன். ஒரே சைஸ், ஒரே மண் கலவை, ஒரே நேரம் நட்ட தக்காளி, பக்கத்துல பக்கத்துல வச்சது. பின்மதியம் மேற்கு பக்கத்துல பை சுவரை ஒட்டி ரெண்டு விரல் உள்ள சொருகுனா பழைய துணிப்பையில 31 டிகிரி, உங்க பையில 42. பழைய பை லேசான பழுப்பு கலர்தான், அதனால கொஞ்சம் வித்தியாசம் வரும்னு எனக்கும் தெரியும், ஆனா 11 டிகிரியும் கலராலயே வந்துச்சுன்னு மட்டும் பதில் அனுப்பிராதீங்க, ஏன்னா உங்க பைக்கு வெள்ளைத் துணி சுத்தி பாத்தும் 37க்கு கீழ எறங்கல. தக்காளி மாதிரி செடிகளோட வேருக்கு 20ல இருந்து 25 டிகிரி வரைக்கும்தான் சுகம், 35ஐ தாண்டுனா வேர் வளர்றது ரொம்பவே தடுமாறும், 40க்கு மேல தொடர்ந்து இருந்தா நுனி வேர் சாக ஆரம்பிச்சுரும்.

இப்ப உங்க "கூட தண்ணி ஊத்துங்க" விஷயத்துக்கு வர்றேன். மதியத்துல இலை தொங்குச்சு, உண்மைதான், ஆனா மண்ணு நல்லா ஈரமாத்தான் இருந்துச்சு. தண்ணி இல்லாம வாடல, சூட்டுல அடிபட்ட வேரால இருக்குற தண்ணியையே இழுக்க முடியாமதான் வாடுது. அந்த நேரத்துல மேல மேல ஊத்துனா என்ன ஆகும்? சூடு ஏற ஏற வேருக்கு ஆக்சிஜன் அதிகமா வேணும், ஆனா சூடான தண்ணியில ஆக்சிஜன் கரையுறது குறைஞ்சுக்கிட்டே போகும், 20 டிகிரியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் கிட்ட கரையும்னா 35ல 7 தான். சூடும் ஈரமும் சேந்தா வேரழுகல் பூஞ்சைக்கு கொண்டாட்டம். பக்கவாட்டுல காத்தே புகாத பையில இந்த யோசனைய சொல்றது செடிய சீக்கிரம் அனுப்பி வைக்கிற யோசனை.

செடி போனதும் பையை பிளேடு வச்சு நீளவாக்குல கிழிச்சு பாத்தேன். கிழக்கு பக்கம் வேர் வெள்ளையா கொஞ்சம் இருந்துச்சு. மேற்கு பக்கம் சுவரை ஒட்டி முழுக்க பழுப்பு, விரல்ல புடிச்சு இழுத்தா மேல்தோல் உறை மாதிரி உருவிக்கிட்டு வந்து உள்ள நூல் மாதிரி நரம்பு மட்டும் நிக்குது. அடியில வேர் வட்டமா சுத்தி சுத்தி கயிறு திரிச்ச மாதிரி கெடக்கு. நிஜமான துணிப்பையா இருந்தா வேர் நுனி சுவர்கிட்ட வந்ததும் காத்து பட்டு காஞ்சு நின்னு, பின்னாடி இருந்து புது கிளை வேர் விடும், இப்படி சுத்தாது. அப்புறம் துணியோட உள்பக்கத்தை பிளேடு முனையால சுரண்டுனா பளபளன்னு ஒரு படலம் உரிஞ்சு வருது. வெங்காயத் தோலைவிட மெல்லிசு, ஆனா சொட்டு தண்ணி வெளிய விடாது, அதுமேல தண்ணி ஊத்தி ரொம்ப நேரம் தூக்கி புடிச்சும் பாத்தாச்சு.

அடுத்து என்ன கேப்பீங்கன்னு தெரியும். பையை தரையில வைக்காம கட்டை வச்சு தூக்கித்தான் வச்சிருந்தேன், மண்ணுக்கு மேல காஞ்ச இலை மூடாக்கு போட்டிருந்தேன், தண்ணி காலைலயே ஊத்துவேன். இதெல்லாம் பழைய பைகளுக்கும் அதேதான், அதுல செடி காய் விட்டு நிக்குது. (நிழல் வலை ஏன் கட்டலன்னு கேட்டா, முழு வெயில்ல வைக்கலாம்னு எழுதுனது நீங்க.)

தண்ணி சீக்கிரம் காயக்கூடாதுன்னு அந்த பூச்சை போட்டிருக்கலாம், துணிப்பை சட்டுன்னு காஞ்சுரும்னு நிறைய பேர் குறை சொல்றாங்க, எனக்கும் தெரியும். அப்படின்னா அதை வெளிப்படையா சொல்லி, தண்ணி தேக்குற பைன்னு தனியா வித்துட்டு போங்க, நிழல்ல வளக்குறவங்க வாங்கிக்குவாங்க.

எனக்கு வேண்டியது: வாங்குன எல்லா பைக்கும் முழு ரீஃபண்ட், ஸ்டோர் கிரெடிட் வேண்டாம். உங்க விற்பனைப் பக்கத்துல உள்பூச்சு இருக்கா இல்லையா, துணி எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்), இந்த ரெண்டையும் போடுங்க, பூச்சு போட்ட பைக்கு வேர் குளுமைன்ற வரியை எடுத்துருங்க. கிழிச்ச பை, உரிச்ச படலம், தெர்மாமீட்டர் ரீடிங் எல்லாம் போட்டோ இணைச்சிருக்கேன், ஆர்டர் நம்பரும் அதுலயே தெரியும். பை இன்னும் எங்கிட்டதான் இருக்கு, வேணும்னா ஆள் அனுப்பி எடுத்துக்கோங்க. பதிலுக்கு வேற கலர்ல இதே பையை மட்டும் அனுப்பிராதீங்க, வந்தா பார்சலை வாங்காம அப்படியே திருப்பி விட்டுருவேன்.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்