கண்ணுக்கு வெளிச்சம் படம் எடுக்கும்போதே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், ஆள் படங்களில் கண்கள் எடுப்பாகத் தெரியக் குறிப்புகள் வந்திருந்தன. கண்ணின் வெள்ளையைச் செயலியில் இன்னும் வெளுப்பாக்குங்கள், கருவிழியைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள் என்று அதில் இருந்தது. குமுளியில் அப்பா தொடங்கிய ஸ்டூடியோவை 22 வருடமாக நடத்தி வருகிறேன். அந்த யோசனை என்னை உறுத்திக்கொண்டே இருந்ததால் எழுதுகிறேன்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஏலக்காட்டு வேலைக்காரர்கள். விடியும் முன்னே கம்பத்திலும் கூடலூரிலும் ஜீப் ஏறி மலைக்கு வருகிறவர்கள். பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஏதாவது ஒரு கார்டு என்று பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குத்தான் வருவார்கள். பலருக்கு வாழ்நாளில் எடுத்த நல்ல படமே அதுவாகத்தான் இருக்கும்.

போன தை மாதம் கூடலூரிலிருந்து ஒரு பிள்ளை வந்தது. காய் எடுக்க வந்துகொண்டிருந்த அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டார். பதினாறாம் நாளைக்கு மாலை போட்டு வைக்கப் பெரிய படம் வேண்டும். கையில் இருந்தது யாரோ ஃபோனில் எடுத்து அழகுபடுத்திக் கொடுத்த படம். முகம் வழவழவென்று இருந்தது. கண்ணின் வெள்ளை சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஒரே சீராக இருந்தது. கருவிழியில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. “எங்கம்மா கண்ணு இப்பிடி இருக்காதுக்கா” என்றது அந்தப் பிள்ளை. எனக்கும் அது தெரியும். விறகடுப்புப் புகையிலும் மருந்தடிக்கிற காட்டிலும் வருடக்கணக்காக இருந்த கண் அது. வெள்ளையில் லேசான மஞ்சளும் மெல்லிய சிவப்பு நரம்புகளும் ஓடும். ஆறு வருடம் முன்பு அந்த அம்மா பாஸ்புக்குக்காக வந்தபோது எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் தேடி எடுத்தேன். எங்கள் ஜன்னல் அவர் கண்ணில் சின்னச் சதுரமாக விழுந்திருந்தது. அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை, திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றது.

கண் என்பது ஈரமான உருண்டை. எதிரே பிரகாசமாக எது இருக்கிறதோ அதுவே அதில் தெரியும். தலைக்கு நேர் மேலே ட்யூப் லைட் மட்டும் இருந்தால் புருவத்தின் நிழல் கண்குழியை மூடிவிடும், கண் செத்துப்போகும். கேமராவிலேயே இருக்கிற ஃப்ளாஷ் கண் பாப்பாவின் நடுவில் ஊசிக்குத்து மாதிரி ஒரு புள்ளி வைக்கும். இருட்டறை என்றால் விரிந்த பாப்பா வழியாக அந்த ஒளி உள்ளே போய், விழித்திரையின் ரத்தச் சிவப்போடு திரும்பி வந்து கண்ணே சிவப்பாகிவிடும். ஜன்னல் பக்கவாட்டில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்தால் கதை வேறு. கடிகாரத்தில் பத்து மணியோ இரண்டு மணியோ காட்டும் இடத்தில் வெளிச்சம் வந்து உட்காரும். நாங்கள் அதைத்தான் கேட்ச் லைட் என்போம். அதற்கு எதிர்ப்பக்கத்தில் கருவிழியின் நிறம் மலர்ந்து தெரியும். கறுப்பு என்று நாம் நினைத்திருக்கும் நம் ஆட்களின் கண் எத்தனை விதமான தேன் நிறம் என்பதை அப்போது பார்க்கலாம். காட்டு நிழலிலிருந்து நேராக வந்தவர்களை நான் இரண்டு நிமிடம் ஜன்னலோரம் உட்காரச் சொல்வேன். பாப்பா சுருங்கினால்தான் அந்த நிறத்துக்கு இடம் கிடைக்கும்.

இதற்குக் காசு பெரிதாக வேண்டாம். டிவி பெட்டியில் வரும் தெர்மாகோல் அட்டையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும், கீழிருந்து வெளிச்சம் தட்டிக் கண்ணுக்கடியில் இருக்கும் நிழல் பாதி கரைந்துவிடும். மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு அதன் காதுக்கம்பியைக் காதுக்கு மேலே ஒரு நூல் தூக்கிவிட்டால் கண்ணாடி கீழே சாயும், வெளிச்சம் தெறிக்காது. ஃபோகஸ் எப்போதும் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில்தான். முழு ஃபிரேம் கேமராவில் 85 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டு எஃப் 1.8 வைத்து, அதாவது லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து, ஒன்றரை மீட்டரில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டர் சொச்சம்தான். மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் போய்விடும்.

வடக்கு ஜன்னலில் சீரான வெளிச்சம் வரும் என்று புத்தகங்களில் படிப்போம். அவை எழுதப்பட்ட ஊர்களுக்கு அது சரி. நம் பக்கம் சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி நடுவரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது, வடக்கு ஜன்னலிலும் வெயில் ஏறும். அப்பா அதற்கு ஒரு மல் வேட்டியை ஜன்னலில் கட்டுவார். ஆனி, ஆடியில் மழை மூடிவிட்டால் வேட்டியே வேண்டாம். மலை மேல் இறங்கும் மஞ்சுதான் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய திரை. கடை வாசலில் நாற்காலி போட்டாலே கண்ணில் வானம் முழுக்க விழும்.

அப்பாவிடம் யாஷிகா 635 இருந்தது, மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா. ஸ்டாண்டில் வைத்து ஃபோகஸ் சரி பார்த்ததும் தலையை நிமிர்த்தி, எதிரே இருப்பவரிடம் பேசிக்கொண்டே பட்டனை அழுத்துவார். அந்தப் படங்களில் எல்லாரும் ஒரு மனுஷனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்வதும் அப்பாவுக்குத் தெரியும். பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும் என்பதால் கண்ணுக்கு ஒளிப்புள்ளியும் வைக்கலாம். ஆனால் அதை அவர் மிக அரிதாகத்தான் செய்வார். ஒரு கண்ணில் கொஞ்சம் தள்ளி விழுந்தால் ஆள் மாறுகண் ஆகிவிடுவார் என்பார். கண்ணின் வெள்ளையில் அவர் பென்சில் வைத்து நான் பார்த்ததே இல்லை. மேல் இமையின் நிழல் விழுவதால்தான் அது உருண்டையாகத் தெரிகிறது. ஒரேயடியாக வெளுத்தால் காகிதம் ஒட்டியதுபோலத் தட்டையாகிவிடும்.

இங்கே சுற்றுலாக்காரர்களுக்காகக் கதகளி ஆடும் ஒரு கலைஞர் வேஷத்தோடு படம் எடுத்துக்கொண்டார். மேடை ஏறும் முன் சுண்டப்பூவின் விதையைக் கண்ணுக்குள் வைத்துக் கண்ணைச் சிவக்க வைப்பது அவர்கள் வழக்கம். பச்சை பூசிய முகத்தில் அந்தச் சிவப்பு கடைசி வரிசை வரை எட்டும். என்னிடம் வேலை பார்த்த பையன் பழக்கதோஷத்தில் அதைச் செயலியில் வெளுத்துவிட்டான். படத்தைக் கையில் வாங்கிய கலைஞர், “சேச்சி, இது என்டெ கண்ணல்ல” என்று மட்டும் சொன்னார். அன்றே மூலப்படத்திலிருந்து வேறு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து எங்கள் கடையில் கண்ணின் வெள்ளையைத் தொடுவதில்லை என்பது சட்டம்.

எனக்கு இரண்டு வேண்டுகோள். முகாம்களிலும் அலுவலகங்களிலும் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறவர்கள் ஆட்களை உச்சி வெயிலிலோ ட்யூப் லைட்டுக்கு நேர் கீழேயோ உட்கார வைக்கிறார்கள். கறுத்த முகம், ஆழமான கண் உள்ளவர்களுக்கு அதில் கண்குழி மட்டும்தான் மிஞ்சுகிறது. நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்த ஒரு நிமிடம்கூட ஆகாது; அதைத் தயவுசெய்து செய்யுங்கள். இரண்டாவது தங்களுக்கு. கண்ணை வெளுக்கச் சொன்ன அதே இணைப்பில், ஜன்னலையும் வெள்ளை அட்டையையும் பற்றி ஒரு பக்கம் போடுங்கள். எங்கள் பக்கத்து முகாம்களில் படம் எடுக்கும் பிள்ளைகள் யாராவது கற்றுக்கொள்ள விரும்பினால், ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை திறந்திருக்கும். நாற்காலியும் தெர்மாகோலும் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஸ்டூடியோ நடத்தும் ஒரு பெண்,
குமுளி.