விடாதே, பிள்ளை

இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம், குறிஞ்சிப்பாடி,
கடலூர் மாவட்டம்.

அன்புள்ள மகளுக்கு,

சைட்டில் வேலை செய்கிற ஒடிசாப் பெடியன்களின் சம்பளத்தைப் பிடித்து வைத்ததை நீ கேட்கப்போக, "நீயே முகாம்ல இருந்து வந்தவ, உனக்கெதுக்கும்மா இது?" என்று மேனேஜர் சொன்னாராம். விட்டுவிடட்டுமா அப்பா என்று கேட்டாய். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

விடாதே.

அம்பலவாணர் சிவானந்தன் என்று ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இலங்கையில் வங்கி மேனேஜர். தமிழருக்கு எதிரான 1958 கலவரத்தோடு நாட்டை விட்டு லண்டனுக்குப் போனார். போய் இறங்கின நேரம் நாட்டிங் ஹில்லில் வெள்ளைக்காரக் கும்பல்கள் கரீபியன் சனத்தைத் தேடித்தேடி அடித்துக்கொண்டிருந்தன. தன் பாட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். 1964-ல் இன உறவு பற்றிய ஓர் ஆய்வு நிறுவனத்தில் நூலகரானார். அது மேலிடத்துக்கு ஏற்றபடி நடப்பதைப் பார்த்து, 1972-ல் ஊழியரும் உறுப்பினரும் சேர்ந்து நிர்வாகத்தையே மாற்றினார்கள். அவர் முன்னால் நின்றார். அப்புறம் அவரே இயக்குநர். கறுப்பர், ஆசியர், அகதிகள் என்று எல்லாருக்காகவும் எழுதினார். தமிழருக்கு மட்டும் என்று கோடு போடவில்லை. அவரிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

லண்டன் வரை போவானேன்? 2004 சுனாமியின்போது நீ சின்னப்பிள்ளை. அன்றைக்கும் நமக்குப் பத்துக்குப் பத்து அறைதான். முகாம் பெண்கள் ரேஷன் அரிசியில் வீட்டுக்கு இரண்டு சுண்டு என்று அள்ளிச் சேர்த்து, அண்டாவில் கஞ்சி காய்ச்சி, டெம்போவில் தேவனாம்பட்டினம் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு மீனவப் பெண் ஈரச் சேலையோடு மணலிலேயே உட்கார்ந்திருந்தாள், கஞ்சியைத் தொடவில்லை. அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கடல் கொண்டுபோன பிள்ளையைப் பற்றி அவள் சொன்னாள். 1990-ல் தலைமன்னாரில் இருந்து நாங்கள் ஏறின படகைப் பற்றி அம்மா சொன்னாள். இருட்டின பிறகுதான் அந்தப் பெண் இரண்டு வாய் குடித்தாள். முகாம்காரிக்கு எதற்கு இது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

இங்கேயே பிறந்தும் உனக்குக் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் நம்மைச் சேர்க்கவில்லை. அது எனக்கு ஆறாத கோபம். ஆனால் சட்டத்தின் முன் எல்லாரும் சமம், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்கிற அரசியல் சாசனத்தின் 14, 21-ஆம் பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டுமானவை அல்ல, இந்த மண்ணில் இருக்கிற எல்லாருக்கும் உரியவை. மேனேஜரிடம் அதைச் சொல்.

தனியாகப் போகாதே. பெடியன்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கு. வருகைப் பதிவேட்டை இன்றைக்கே போனில் படம் எடுத்து வை, பிறகு காணாமல் போய்விடும். தொழிலாளர் துறைக்கு மனு எழுதி, முகாமில் ஆள் கணக்கெடுப்புக்கு வரும்போது கொண்டு வா. சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா