வயலில் ஈரம் இருக்கும்போதே விதை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உலகிலேயே அதிகம் பருப்பு விளைவிக்கும் நாடு நம் இந்தியாதான். ஆனாலும் இட்லிக்குப் போடும் உளுந்தில் ஒரு பகுதி மியான்மரிலிருந்து கப்பலில் வருகிறது. டெல்டா விவசாயியான எனக்கு இது பெரிய மனக்குறை.

எங்கள் பக்கம் சம்பா நெல் அறுப்புக்கு ஏழெட்டு நாள் இருக்கும்போதே, மண் மெழுகு பதத்தில் இருக்கையில், நிற்கிற பயிருக்குள் உளுந்தை வீசிவிடுவோம். உழவு கிடையாது, தண்ணீர் கட்ட வேண்டாம். மிச்ச ஈரமும் தை, மாசிப் பனியுமே அதை வளர்த்துவிடும். வேர் முடிச்சுகள் தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கும்.

கையறுப்பு போய் இயந்திரம் வந்தபின், முளைத்த பயிர் சக்கரத்தில் நசுங்கிப் போகிறது. டயர் வண்டி இறங்கிய தடத்தில் ஒரு செடிகூட மிஞ்சுவதில்லை. அறுத்த பிறகு விதைக்கலாமே என்றால், அதற்குள் ஈரம் காய்ந்துவிடுகிறது. அதனால் பலர் வயலைச் சும்மா போட்டுவிட்டார்கள்.

வேளாண் பொறியியல் துறை தை மாதத்தில் டயருக்குப் பதில் பட்டையில் ஓடி, பயிரை அவ்வளவாக நசுக்காத பெல்ட் அறுவடை வண்டிகளைக் குறைந்த வாடகைக்குக் கூடுதலாகத் தரட்டும். ஆடுதுறை 3 போன்ற, நெல் தரிசுக்கு (நெல்லுக்குப் பின் சும்மா கிடக்கும் வயலுக்கு) ஏற்ற உளுந்து ரக விதை பொங்கலுக்கு முன்பே கைக்கு வர வேண்டும். அப்புறம், நெல்லுக்கு இருப்பதுபோல உளுந்துக்கும் ஊர்ப்பக்கத்திலேயே கொள்முதல் வேண்டும். வியாபாரி சொல்வதே விலை என்றால் யார் விதைப்பார்கள்?

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம்.